நங்கையின் பிளேட்டும் ஆட்டுக் கொழுப்பும்

சேலத்தில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தேன். ஹோட்டல் வாசலில் கிராமபோன் ஒன்றை நிறுத்தி வைத்திருந்தார்கள். பளபளக்கும் பித்தளைக் குழல், அதன் வாய்க்குள் பிளாஸ்டிக் ரோஜாக்கள். ஆளுக்கு ஆள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பந்தி வாசனை ஒத்துக்கொள்ளவில்லையா என்று மகன் கேட்டான். பந்தி வாசனை இல்லை, ஆட்டுக் கொழுப்பு. ஹோட்டலில் அது எங்கிருந்து வரும்? குமாரபாளையத்திலிருந்தே என் மூக்குக்குள் குடியிருக்கிற வாசனை அது.

அப்போது நான் அங்கே ஒரு சாயப்பட்டறையில் வேலை பார்த்தேன். பிறவியிலேயே அருவருப்புப் பிடித்தவன். அடுத்தவர் குடித்த சொம்பைத் தொடமாட்டேன். அப்படிப்பட்டவனுக்குக் கிடைத்த சிநேகிதன் அர்த்தனாரி. தறிக்காரன், கண்ட குப்பையையும் கையால் அள்ளுகிறவன். இரண்டாம் உலகச் சண்டை முடிந்து, பட்டாளம் கழித்துப்போட்ட சாமான்கள் சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைகளில் குவிந்த நேரம். அங்கிருந்து காதில் மாட்டும் போன் ஒன்றை வாங்கி வந்தான். அதன் ரப்பர் வளையத்தில் எந்த ஊர் சிப்பாயின் காதழுக்கோ மெழுகாக அப்பியிருந்தது.

"த்தூ! இதையா தொடச் சொல்றே?"

"மூக்கைப் புடிச்சுக்கிட்டாச்சும் இந்தக் கம்பியைப் புடியப்பா. நங்கைக்கு வாக்குக் குடுத்துப்போட்டேன்."

நங்கை என்றால் அவன் அண்ணன் பெண்டாட்டி. எங்கள் பக்கம் அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவோம். கல்யாணத்துக்கு முன் அவர் நாடகக் கம்பெனியில் பாடியவர். சென்னைக்குக் கூட்டிப்போய் ஒரு கிராமபோன் பிளேட்டு கூட எடுத்தார்கள். பிளேட்டைக் கையில் கொடுத்தார்களே தவிர, அதைப் போட்டுக் கேட்க அவரிடம் மெஷின் ஏது? தன் குரலைத் தானே கேட்டதில்லை. டீக்கடை கிராமபோனில் போட்டால் ஊரே கேட்கும். புருஷன்காரன் முதலிலேயே சொல்லியிருந்தான்: "கூத்துக்காரி பாட்டு என் காதுல உழுந்துதுன்னா, அந்தப் பிளேட்டை ஆத்துல வீசிப்போடுவேன்." அவர் பிளேட்டைப் பாவு நூல் பெட்டியின் அடியில் ஒளித்து வைத்திருந்தார்.

"ஒருக்கா கேட்டாப் போதும் சாமி. நான் பாடுனது நெசந்தானான்னு தெரிஞ்சுக்கோணும்" என்பார்.

அதற்குத்தான் காது போன். ஒரு பக்கத்துப் போனைப் பிரித்து, உள்ளே இருந்த இரும்புத் தகட்டில் ஊசியைப் பற்றவைத்தான். அங்கிருந்து கம்பி மறு பக்கத்துக்கு. மாட்டியிருப்பவருக்கு மட்டும் மெல்லக் கேட்கும். தட்டு சுழல ஒரு மரவட்டம், அதன் அடியில் சைக்கிள் பெடலின் குண்டுகள். கிரீஸ் கிடைக்காத காலம் என்று கறிக்கடையில் கொழுப்பு வாங்கி வந்து அப்பினான். சித்திரை வெயிலில் அது உருகி, ஊளைநாற்றம் எடுத்து, ஈ மொய்த்தது. நான் தோளில் கிடந்த துண்டை மூக்கில் கட்டிக்கொண்டேன். அவன் அதே கையால் முறுக்குத் தின்றான்.

மோட்டார் கிடையாது. தார் சுற்றுகிற, அதாவது தறி நாடாவுக்குக் குச்சியில் நூல் சுற்றுகிற, ராட்டையிலிருந்து கயிறு கொடுத்து மரவட்டத்தைச் சுற்றினோம். அண்ணன் சந்தைக்குப் போன பகலில் நங்கை போனை மாட்டிக்கொண்டார். அர்த்தனாரி சுற்றினான். அவர் முகம் சுளித்தார். "ஏனுங்க கொழுந்தனாரே, ஒரே சீராச் சுத்தோணும். விசையாச் சுத்துனாக் கொரலு கீச்சுங்குது. உடுங்க."

கைப்பிடியை அவரே வாங்கினார். நாள் முழுக்கத் தார் சுற்றிய கை. கொஞ்சம் மெதுவாக, இன்னும் கொஞ்சம் மெதுவாக என்று தேடி, ஒரு வேகத்தில் நிலைத்தது. கண்ணை மூடிக்கொண்டார். பாட்டு முடிகிற வரைக்கும் அந்தக் கை வேகம் மாறவில்லை. எங்களுக்கு ஊசி உரசும் சத்தம்தான். ஆனாலும் ஈயை மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் முறை ஊசி வைத்ததும் அண்ணன் உள்ளே வந்துவிட்டான். சந்தையில் வெற்றிலை போட்ட வாய், கள் வாடை. போனைப் பிடுங்கித் தன் காதில் வைத்தான். நங்கை ராட்டையை விடவில்லை. விசையாக, பேய் பிடித்த மாதிரி சுற்றினார்.

"த்தூ! எலி கத்துற மாரி இருக்குது. இதுக்கா இத்தனை நாளு ஒளிச்சு வெச்சே?" சிரித்தான். போனை வீசிவிட்டு, எச்சிலைச் சுவரோரம் துப்பிவிட்டுப் போனான். அந்தச் சிவப்பு எச்சில் சுவரில் வழிந்ததைப் பார்த்தபோது, கொழுப்பெல்லாம் ஒரு நாற்றமா என்று தோன்றியது.

பிளேட்டு ஆற்றுக்குத் தப்பியது. "தம்பி, நீங்களும் கேளுங்க" என்று நங்கை போனை என்னிடம் நீட்டினார். காதழுக்கு, கள் வாடை எல்லாவற்றோடும் மாட்டிக்கொண்டேன். அவர் பழையபடி மெதுவாகச் சுற்றினார். கரகரவென்று ஒரு சத்தம், வேறொன்றும் இல்லை. விசையாகச் சுற்றியதில் கனத்த ஊசி தட்டின் பாட்டு வரிகளை உழுது கறுப்புத் தூளாக்கியிருந்தது. என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

"போச்சாட்ட இருக்குது. உடுங்க சாமி, நான் ஒருக்கா கேட்டுப்போட்டேன்."

நங்கை போய்ச் சேர்ந்துவிட்டார், அர்த்தனாரியும்தான். அண்ணன்காரன் வெகுகாலம் இருந்தான். யாராவது அவரைப் பற்றிப் பேசினால், "அவ பாட்டை நான் கேட்டிருக்கறனுங்க, எலி கத்துற மாரி இருக்கும்" என்பான். அவர் குரலைப் பற்றி ஊரில் மிஞ்சியது அந்தப் பேச்சு ஒன்றுதான்.