ஆழமாக வெட்டிய பெயர்

எங்கள் தீவில், சரவணைப் பஸ் தரிப்பிடத்தில் ஆட்கள் குந்துகிற சீமெந்து வாங்கிலிருந்து மனைவியின் அப்பப்பாவுடைய பெயரைக் காசு கொடுத்து அழிப்பித்தவன் நான். அது அவருடைய பெயர் என்று தெரியாமல்தான் செய்தேன். தெரியாமல் இருந்ததே பெரிய குற்றம் என்று பிறகு வீட்டில் தீர்ப்பானது.

பழியில் பாதி எகிப்தின் இரண்டாம் ராமேசஸுக்குப் போகவேண்டும். அந்த மாதம் அவரைப் பற்றித்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். அறுபத்தாறு வருஷம் ஆண்டவர். மலையைக் குடைந்து, தன்னையே நாலு தரம் பனை உயரத்தில் இருத்திவைத்தவர். வெல்லாத சண்டையை வென்றதாகக் கோயில் சுவரெல்லாம் எழுதுவித்தவர். அதுவும் போதாமல், முன்னிருந்த அரசர்களின் சிலைகளிலும் தன் பெயரைப் பொறித்தார். பின்னால் வருகிறவன் தனக்கும் இதையே செய்வான் என்றோ என்னவோ, எழுத்தை ஆழமாக வெட்டுவித்தார். வாசித்து நன்றாகச் சிரித்தேன்.

சிரித்த கையோடு வாங்கைத் திருத்த வெளிக்கிட்டேன். தீவில் தண்ணீர்த் தாங்கி முதல் கோயில் மின்விசிறிச் செட்டை வரைக்கும் யாரோ ஒருவருடைய பெயர் ‘உபயம்’ என்று இருக்கிறது. என் பெயர் கரண்ட் பில்லில் மட்டும். வாங்கின் முதுகில் பழைய எழுத்து உப்புக்காற்றில் கரைந்து ‘உபயம்’ மாத்திரம் மிஞ்சியிருந்தது. மேசன் அதைக் கொத்திவிட்டு, என் பெயரை வெட்டிய கறுப்புக் கல்லைப் பதித்தார்.

“இவ்வளவு ஆழம் என்னத்துக்கு, அண்ணை?”

“ஒருத்தரும் அழிக்க ஏலாது.”

மறுநாள் மரக்கறிப் பையோடு பஸ்ஸால் இறங்கிய மனைவி அதன் முன்னால் நின்றுவிட்டார்.

“இதில இருந்த பேர் எங்கை?”

“ஆரோ பழைய ஆள். வாசிக்கவும் ஏலாது.”

“என்ரை அப்பப்பா. கலியாணம் கட்டின கிழமையே இதில இருத்திவைச்சுச் சொன்னனான். ஓம் ஓம் எண்டு தலையாட்டினீங்கள்.”

“பேப்பர் வாசிச்சுக்கொண்டு இருந்திருப்பன்.”

“வெள்ளிக்கிழமை அப்பா கனடாவில இருந்து வாறார். வந்தவுடனை இதில இருந்துதான் படம் எடுப்பார். அவருக்கு நீங்களே விளங்கப்படுத்துங்கோ.”

நான் விளங்கப்படுத்தி மாமா இதுவரை எதையும் விளங்கிக்கொண்டதில்லை. மேசனிடம் ஓடினேன். அவர் எழுத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

“உரஞ்சி எடுக்க ஏலாது. நீங்கள் கேட்ட ஆழமெல்லோ.”

புதுக் கல் வர இரண்டு கிழமையாகும். கடைசியில் அதே கல்லைக் கழற்றி, மறுபக்கத்தை மினுக்கி, அப்பப்பாவின் பெயரை வெட்டி, என் பெயர் சீமெந்துக்குள் போகும்படி திருப்பிப் பதித்தோம்.

வெள்ளிக்கிழமை மாமா வந்து வாங்கில் இருந்தார். எழுத்தைத் தடவினார். படம் எடுத்தார்.

“நல்ல கல்லு. ஆர் செய்வித்தது?”

மனைவி என்னைக் காட்டினார். மாமா முதல்முறையாக என் தோளில் தட்டினார். ராமேசஸாக இருந்தால் இதையும் வெற்றி என்று சுவரில் எழுதுவித்திருப்பார்.

பிறகு மேசனைக் கண்டபோது, அவ்வளவு ஆழமாக வெட்டியும் ஒரு பிரயோசனமும் இல்லாமல் போய்விட்டதே என்று குறைப்பட்டேன்.

“அப்பிடிச் சொல்லாதேங்கோ, அண்ணை,” என்றார். “ஆழமா வெட்டினபடியால்தான் சீமெந்து நல்லாப் பிடிச்சிருக்கு.”