மூன்று பள்ளிக்கூடங்களும் என் இஸ்திகாராவும்

அல்லாஹ் எனக்குச் செய்த ஓர் உதவியைச் சொல்லாமல் வைத்திருப்பது சரியில்லை என்று கொஞ்ச நாளாக மனசு உறுத்துகிறது. அதனால் சொல்கிறேன். நான் எழுதிப் பழகியவள் இல்லை, கதைத்துப் பழகியவள். இடையில் கொஞ்சம் அங்கும் இங்கும் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சூறாவளி அடித்த மறு வருஷம், எழுபத்தொன்பதில், என் மூத்த மகள் நஸீறா ஓ.எல். பரீட்சை பாஸாகினாள். விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் நல்ல பெறுபேறு. மேல் வகுப்பு ஏ.எல். படித்து டாக்டராகத்தான் வருவேன் என்று ஒரே பிடியாக நின்றாள். எனக்கும் அதே ஆசைதான். எங்கள் கல்முனைக்குடியில் அப்போது பெண்கள் தங்கள் வருத்தத்தை ஆண் டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, சொல்லாமலே முற்ற விட்டுவிடுவார்கள். நானே ஒரு வருத்தத்தை இரண்டு வருஷம் மறைத்துவிட்டு, தாங்க முடியாமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்பதில்தான் பிரச்சினை வந்தது. மூன்று இருந்தன. ஒன்று வீட்டடியில், கூப்பிடு தூரத்தில். ஒன்று டவுனில், எல்லாரும் பெரிய பள்ளிக்கூடம் என்று சொல்வது. மற்றது தெற்கே, பஸ்ஸில் அரை மணித்தியாலம். பெயர்களைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கு அந்தப் பள்ளிக்கூடத்து அதிபர்மார் என் வாசல் படலையில் வந்து நிற்பார்கள்.

நஸீறாவின் வாப்பா, என் வீட்டுக்காரர், வட்டவிதானை. யாருடைய வயலுக்கு எந்த நாள் தண்ணீர் என்று முறை வைப்பவர். அவர் சொன்னால் வாய்க்கால் திறக்கும், அவர் சொன்னால் மூடும். வீடும் அப்படித்தான் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

“வீட்டடிப் பள்ளிக்கூடம் இரிக்கி. அங்க படிக்கட்டும். இல்லாட்டி வீட்டுல இரிக்கட்டும்” என்றார்.

நான் இஸ்திகாரா தொழுவோம் என்றேன். இரண்டு வழியில் எது நல்லது என்று தெரியாதபோது, இரண்டு ரக்அத் தொழுது, நல்லதை எனக்கு இலேசாக்கு, கெட்டதை என்னைவிட்டுத் திருப்பு என்று அல்லாஹ்விடம் கேட்பது அது. அவரும் தொழுதார். அடுத்த வளவில் இருக்கும் என் ராத்தாவும், என் மூத்த சகோதரிதான், கேட்காமலே தொழுதாள். பிழை அங்கேதான் விட்டோம். எங்கள் பக்கத்தில் இஸ்திகாரா தொழுதால் கனவு வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். பச்சையும் வெள்ளையும் கண்டால் நல்லது, கறுப்பும் சிவப்பும் கண்டால் கூடாது. கனவு வராவிட்டால் தொழுகையிலேயே ஏதோ குறை.

மூன்றாம் நாள் காலையில் பிட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அவர் சொன்னார், வீட்டடிப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பச்சைப் பசேலென்று வயல், கரை முட்டத் தண்ணீர் ஓடக் கண்டாராம். அந்த மனுஷன் கனவில் வேறு எதைக் காண்பார்? ராத்தா வெள்ளைச் சாரி கண்டாளாம். அது கலியாணச் சாரி, படிப்பை நிறுத்தச் சொல்லி அறிவிப்பு என்று விளக்கமும் அவளே சொன்னாள். அவளுடைய மச்சினனுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாதா? எனக்கு ஏழு நாளும் ஒன்றும் வரவில்லை. கடைசியில் வந்த கனவில் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

“கீரையும் பச்சைதானேகா” என்றாள் ராத்தா.

எனக்கு வந்த கோபத்தில் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். மூன்று பள்ளிக்கூடத்தையும் என் கண்ணாலேயே பார்ப்பது என்று முடிவு.

வீட்டடியில் அதிபர் இல்லை, அலுவலாகக் கல்விக் கந்தோருக்குப் போயிருந்தார். ஒரு ஆசிரியை ஆய்வுகூடத்தைத் திறந்து காட்டினார். அலுமாரி நிறையப் போத்தல்கள், ஒன்றின் மூடிகூடத் திறக்கப்படவில்லை. இரசாயனத்துக்கு ஆள் எப்போது வருவார் என்று கேட்டேன். இன்ஷா அல்லாஹ் என்றார். அவர் அதைச் சொன்ன விதத்திலேயே வரமாட்டார் என்று விளங்கியது.

பெரிய பள்ளிக்கூடத்தில் மாடிக் கட்டடம், பேண்ட் வாத்தியம், பெறுபேறுகளைப் பொன் எழுத்தில் எழுதிய பலகை. பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் வகுப்பில் பிள்ளைகள் யன்னல் கட்டின் மேலும் குந்தியிருந்தார்கள். பெண் பிள்ளைகள் எல்லாரும் கடைசி வாங்குப் பலகையில். அவர்களுடைய மலசலகூடத்துக்குப் போய்ப் பார்த்தேன். கதவுக்குக் கொளுக்கி இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பலகையில் எத்தனை பொன் எழுத்து இருந்தும் என்ன?

மூன்றாவது பள்ளிக்கூடத்தின் கூரையில் பாதியைச் சூறாவளி கொண்டுபோயிருந்தது. தென்னங்கிடுகு போட்டு மறைத்திருந்தார்கள். மனசு சோர்ந்துபோனது. சரி, வந்ததற்குப் பார்ப்போம் என்று ஏ.எல். வகுப்பு வாசலில் நின்றேன். தலைமுடியெல்லாம் சோக்குத் தூளோடு ஓர் இளம் ஆசிரியர் இரசாயனம் படிப்பித்துக்கொண்டிருந்தார். முன் வாங்கில் இருந்த ஒரு பெண் பிள்ளை எழும்பி, “சேர், நீங்க எழுதினது பிழை” என்றாள். அடி விழப் போகிறது என்று நினைத்தேன். அவர் திரும்பிக் கரும்பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “ஓம், பிழைதான்” என்று சிரித்துக்கொண்டு அழித்தார்.

எனக்கு அது போதும். கொளுக்கியும் இருந்தது, வாளியில் தண்ணீரும் இருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். நஸீறாவின் வாப்பா கேட்கவில்லை. “குமர்ப் புள்ள தனியா பஸ்ஸுல போறதா? வயல் வட்டையில என்ட முகத்தப் பாத்து நாலு பேர் கதைப்பாங்க” என்று சத்தம் போட்டார். மறுநாள் காலையில் நஸீறாவின் பெறுபேற்றுப் பத்திரங்களைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வீட்டடிப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போய்விட்டார். நஸீறா எழும்பினாள். அறைக்குள் போய் ஓ.எல். புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, தம்பிக்கு உதவும் என்று கட்டி வைத்தாள். அவள் அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் புத்தகக் கட்டைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. மதியம் ளுஹர் தொழுதுவிட்டு முசல்லாப் பாயிலேயே விழுந்து கிடந்து கேட்டேன். இந்தப் பிள்ளையின் படிப்பை என் கண் முன்னால் முடித்துவிடாதே என்று அழுதேன். வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் அவர் வந்தார். பத்திரங்கள் சட்டைப்பையில் அப்படியே இருந்தன. திண்டாடிப்போன முகம். தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

“அதிபர் சேக்கல்ல” என்றார்.

“ஏன், அவர் என்ன சொன்னார்?”

“‘வட்டவிதானையார், நான் அதிபரா இரிந்து இதச் சொல்லக் கூடாது. ஆனா அல்லாஹ்வுக்குப் பயந்து சொல்றன். இரசாயனத்துக்கு எனக்கிட்ட ஆள் இல்ல. கந்தோருக்கு நடந்து நடந்து செருப்புத் தேஞ்சதுதான் மிச்சம். என்ட சொந்த மகளயே தெற்குப் பள்ளிக்கூடத்துக்குத்தான் அனுப்பப் போறன். தனியா எப்புடி அனுப்புற எண்டு ஒரு கிழமையா நித்திர இல்ல. உங்கட மகளும் போனா ரெண்டு பேராப் போய் வருவாங்க, எனக்கும் நிம்மதி’ எண்டார் மனுஷன். நானும் சரி எண்டுட்டன்.”

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. நான் ஒரு பக்கம் வழி இல்லை என்று அழுதுகொண்டிருக்க, இன்னொரு வீட்டில் ஒரு வாப்பா அதே வழிக்குத் துணை தேடிக்கொண்டு இருந்திருக்கிறார்.

அன்றிரவே நஸீறா புத்தகக் கட்டை அவிழ்த்துவிட்டாள். அடுத்த திங்கட்கிழமை நஸீறாவும் அதிபரின் மகளும் ஒரே பஸ்ஸில் ஏறினார்கள். பஸ் வரும் வரைக்கும் நஸீறாவின் வாப்பா சந்தியில் நின்றார், அது மறையும் வரைக்கும் நின்றார். பிறகு வீட்டுக்கு வந்து சொன்னார்:

“பாத்தியாகா, என்ட கனாதான் பலிச்சது. வீட்டடிப் பள்ளிக்கூடத்துலதான் வழி கிடைக்கும் எண்டு நான் அண்டைக்கே கண்டன்.”

நானும் ஓம் என்றுவிட்டேன். அது அவருடைய தண்ணீர் முறை, வாய்க்காலைத் திறந்தவர் அவராகவே இருக்கட்டும்.

இரண்டு பிள்ளைகளும் மழையிலும் போனார்கள், நோன்பிலும் போனார்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்றவள் அவளுக்கும் சேர்த்துக் குறிப்பு எழுதிக்கொண்டு வந்தாள். அல்ஹம்துலில்லாஹ், நஸீறாவுக்கு மருத்துவப் பீடம் கிடைத்தது. கடிதம் வந்த அன்று அவளுடைய வாப்பா வயல் சேற்றுக் காலோடு வந்து, காலைக் கழுவிக்கொண்டு, நெற்றி நிலத்தில் பட ஸஜ்தாவில் விழுந்தார். அந்த மனுஷனின் தோள் குலுங்கியதை நான் முதலும் கடைசியுமாகக் கண்டது அன்றைக்குத்தான். அதிபரின் மகள் இப்போது விஞ்ஞான ஆசிரியை.

என் குணமும் கொஞ்சம் மாறியிருக்கிறது. முன்பு நான் துஆக் கேட்டால், எதை எப்படிச் செய்வது என்று அல்லாஹ்வுக்கே முறை வைத்துக் கொடுப்பேன். இப்போது கேட்டுவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவேன்.

ஒன்றை மட்டும் இதுவரை யாருக்கும் சொல்லவில்லை. நஸீறாவுக்கும் தெரியாது. அன்றைக்கு முசல்லாவில் கிடந்து வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன் என்றேன் அல்லவா? நான் கேட்டது இதுதான்: “யா அல்லாஹ், இண்டைக்கு அந்த அதிபர் பள்ளிக்கூடத்துல இரிக்கக் கூடாது. இவர் அவரக் காணாமத் திரும்பி வரணும்.”

அல்லாஹ் அதைத் தரவில்லை. அதிபரை அவருடைய கதிரையிலேயே இருத்தி வைத்தான். நான் கேட்டதை அப்படியே தந்திருந்தால் அந்தப் புத்தகக் கட்டு அவிழ்ந்தே இருக்காது.

ஆகவே என் சகோதரிகளே, உங்கள் கஷ்டத்தை அவனிடம் சொல்லுங்கள். சரியாகக் கேட்கத் தெரியவில்லையே என்று கூச்சப்பட வேண்டாம். நான் பிழையாகத்தான் கேட்டேன்.