அந்த மாடிக்காரியின் கவுன்

லீவில் வந்திருந்த மகன் கூடத்து டிவியில் ஏதோ விளையாட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இரண்டு தடியன்கள் எதிரும் புதிருமாக நின்று ஒருவனை ஒருவன் மொத்திக்கொள்ளும் விளையாட்டு. அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டே ஒரு கண்ணால் பார்த்தேன். தடியன்களுக்குப் பின்னால் இருந்த தெரு கண்ணில் பட்டதும் கை நின்றுவிட்டது. பாதி இறக்கிய ஷட்டர், சாய்ந்த விளக்குக் கம்பம், மாடியில் ஒரு துணியை ஆட்டிக்கொண்டு நிற்கும் பெண். நிறுத்துடா என்றேன். பழைய விளையாட்டு ஒன்றில் வந்த தெருவாம், அதை இந்தச் சண்டைக்கு மேடையாக வரைந்திருக்கிறார்களாம். எனக்கே பாடம் எடுக்கிறான். நான் அந்தத் தெருவில் நடந்த காலத்தில் இவன் பிறக்கவே இல்லை.

எண்பதுகளின் கடைசியில் காரைக்காலில் மாமா வீட்டில் தங்கிப் படித்தேன். மாமா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவர். பிரெஞ்சில் சிப்பாய்க்குச் சொல்தா; சொல்தா வீடு என்று கேட்டால்தான் தெருவில் வழி காட்டுவார்கள். அவர் குடும்பத்துக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. அம்மா குரும்பகரத்து விவசாயியைக் கட்டிக்கொண்டதால் எங்களுக்கு இல்லை. மாமா மகளும் நானும் பெண்கள் பள்ளியில் ஒரே வகுப்பு. ஒரு நாளைக்குப் பத்துச் சண்டை போட்டாலும் ராத்திரி ஒரே பாயில்தான் படுப்போம்.

மாமா பிரான்ஸிலிருந்து வரும்போது அவளுக்காக ஒரு வீடியோ கேம் பெட்டி கொண்டுவந்திருந்தார். மாட்டிப் பார்த்தால் டிவியில் வெறும் கோடுகள். மெக்கானிக் வந்து ஏதேதோ வயரைச் சேர்த்து ஒருவழியாகப் படத்தை வரவழைத்தார். நிறம் வராது, சத்தமும் வராது, அந்த ஊர் முறை வேறு, நம்ம ஊர் முறை வேறு என்று சொல்லிவிட்டுப் போனார். பிரான்ஸ் சாமானைக் குறை சொன்னால் மாமா விடுவாரா? டிவிதான் மட்டம் என்று புது டிவி வாங்கிவந்தார். அதிலும் கறுப்பு வெள்ளைதான். அந்நாளில் சொல்தா வீடுகளில் இப்படி ஊமைப் பெட்டி ஒன்று லேஸ் துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எங்களுடையதை நாங்கள் போர்த்தவிடவில்லை.

இரண்டு பேர் சேர்ந்து ஆடும் விளையாட்டு அது. எங்கள் ஆட்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நடப்பார்கள். எதிரே வரும் ரவுடிகளை உதைத்துக்கொண்டே வலது பக்கமாகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும், விட்டுவந்த இடத்துக்குத் திரும்ப முடியாது. சத்தம் இல்லாததால் நாங்களே வாயால் போட்டோம். அடி அவளுடையது, அலறல் என்னுடையது. பேய் பிடித்திருக்கிறதா என்று அடுக்களையிலிருந்து அத்தை கேட்பார்.

கடைசித் தெருவில்தான் அந்த மாடிக்காரி நிற்பாள். அவளால் விளையாட்டில் ஒரு பிரயோசனமும் கிடையாது, சும்மா துணியை ஆட்டுவாள். அவள் கவுன் சிவப்பு என்பாள் மாமா மகள். நாற்றங்கால் பச்சை என்பேன் நான். போடி பட்டிக்காடு, பச்சையைத் தவிர நீ எதைக் கண்டாய் என்பாள். இதற்காகப் பேசாமல்கூட இருந்திருக்கிறோம்.

பிளஸ் டூ முடிந்ததும் மாமா குடும்பத்தோடு பிரான்ஸுக்கே கிளம்பிவிட்டார். அவளுக்கு அங்கே படிப்பு. பெட்டியும் மூட்டையோடு போயிற்று. வாசலில் கார் நின்றது. ஏறப் போனவள் திரும்பி வந்து என் காதருகே சொன்னாள்.

"அங்க டிவில நெறம் வரும்ல. போன ஒடனே பாத்துச் சொல்றேன்டி."

கார் திருப்பத்தில் மறையும்வரை அழுதேன். அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

அவள் சொல்லவில்லை. கடிதம் வந்தது, பனி கொட்டும் சேதி வந்தது, கல்யாணப் போட்டோ வந்தது. கவுனின் நிறம் மட்டும் வரவில்லை. நானாகக் கேட்க ரோஷம் விடவில்லை. பிரான்ஸ்காரி ஆகிவிட்டாள், இனி நம்மை எங்கே நினைக்கப்போகிறாள் என்று மனதுக்குள் வைது தீர்த்தேன். வைதாலும் ஏக்கம் போகவில்லை. மாமா வீட்டை விற்று அங்கே செல்போன் கடை வந்த பிறகும் அந்தத் தெரு வழியாகத்தான் மார்க்கெட்டுக்குப் போகிறேன், சுற்றுவழி என்று தெரிந்தே.

இப்போது மாடிக்காரி என் கூடத்தில் நிற்கிறாள். கவுன் மஞ்சள். நல்ல மஞ்சள் கிழங்கின் நிறம். சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை.

இரண்டு பேரையும் சேர்ந்து நடக்கவிடேன் என்று மகனிடம் கேட்டேன். தெரு இரண்டு பக்கமும் அடைத்திருக்கிறது, எங்கேயும் போக முடியாது, அடித்துக்கொள்ளத்தான் முடியும் என்றான். சரி, அடிக்காமல் நிற்கட்டும் என்றேன். சிரித்துக்கொண்டே பொத்தானிலிருந்து கையை எடுத்தான். தடியன்கள் சும்மா நின்றார்கள். அவள் துணியை ஆட்டிக்கொண்டே இருந்தாள். நேரம் முடிந்தது, இருவருக்கும் வெற்றியில்லை என்று வந்தது.

பொறுக்க முடியாமல் பிரான்ஸுக்குப் போன் போட்டேன். எடுத்ததும் நலம்கூட விசாரிக்கவில்லை.

"மாடிக்காரி கவுன் நெறத்தப் பாத்துச் சொல்றேன்னியே, சொன்னியாடி?"

எந்த மாடிக்காரி என்று அவள் கேட்கவில்லை.

"நான் பாக்கவே இல்லடி. வந்த புதுசுல ஒரு தடவ வயரெல்லாம் மாட்டினேன். பக்கத்துல நீ இல்ல. அப்படியே கழட்டி வச்சிட்டேன். பொட்டி இன்னும் அலமாரிலதான் இருக்கு."

இவளையா இத்தனை வருஷம் வைதேன்? அவளே கேட்டாள், நீ பார்த்துவிட்டாயா, சிவப்புதானே என்று.

"பச்சை," என்றேன்.

"பொய் சொல்றடி."

"அப்ப வந்து பாரு," என்றேன்.