மணி ஏன் கேட்ச் பிடிக்கவில்லை

1. பதினான்கு தப்புகள்

பம்பாயிலிருந்து ஃபேக்ஸ் வந்தபோது நான் ஒரு எருமைக்குக் கொம்பு வைத்துக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள், அதுதான் எனக்குச் சம்பளம் கொடுத்த வேலை.

தொண்ணூறுகளின் தொடக்கம். தி.நகரில் உஸ்மான் ரோட்டை ஒட்டிய சந்தில், ஒரு புடவைக் கடையின் மாடியில் எங்கள் கம்பெனி. முதலாளி ராகவன் சாரையும் சேர்த்து மொத்தம் மூன்று பேர். ப்ரோகிராம் எழுதுவது இராயப்பேட்டை இஸ்மாயில். படம் போடுவது மேற்கு மாம்பலத்திலிருந்து நடந்தே வரும் நான், கலாவதி. ஏ.சி. அறைக்குள் போகுமுன் செருப்பை வெளியே விட்டுவிட வேண்டும். தூசி பட்டால் கம்ப்யூட்டர் போய்விடும் என்று சாருக்கு ஒரு பயம். அந்த அறையில் கம்ப்யூட்டருக்கு இருந்த மரியாதை எங்களுக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

பம்பாயில் தேசாய் என்பவருக்காக நாங்கள் செய்துகொண்டிருந்தது ஒரு கார்ட்டூன் கிரிக்கெட் வீடியோ கேம். பக்கத்துக்கு ஆறு ஆட்டக்காரர்கள், எல்லாம் மிருகங்களும் பறவைகளும். எருமை பௌலர், அணில் பேட்ஸ்மேன், பவுண்டரியில் காக்கா. அம்பயர் ஒரு பல்லி. அவுட்டா இல்லையா என்று அது 'டிக் டிக்' என்று சொல்லிவிட்டால் மேல்முறையீடு கிடையாது. முதலில் கிராஃப் பேப்பரில் கட்டம் கட்டமாக வரைந்து, பிறகு அதைப் பார்த்து மௌஸால் புள்ளி புள்ளியாக வைக்க வேண்டும். கிடைப்பது பதினாறே நிறம். மௌஸுக்குள் இருக்கும் உருண்டையில் நூலும் அழுக்கும் சிக்கிக்கொண்டால் எருமையின் கொம்பு காக்காயின் மூக்குக்குப் போய்விடும்.

என் செல்லம் விக்கெட் கீப்பர். ஒரு தெருநாய், பெயர் மணி. அதற்கு மட்டும் இருபத்திரண்டு படம் போட்டிருந்தேன். கொட்டாவி விடும். பின்னங்காலால் காதைச் சொறியும். எருமை ஓடி வந்தால் ஸ்டம்புக்குப் பின்னால் ஒளியும். அணில் ஃபோர் அடித்தால் வாலை ஆட்டிக்கொண்டு குதிக்கும். பந்து எட்ஜ் வாங்கித் தன்னிடம் வந்தால் தலையைச் சாய்த்து அதைப் போக விட்டுவிடும்.

ஃபேக்ஸில் பதினான்கு தப்புகளைப் பட்டியல் போட்டிருந்தார்கள். ராகவன் சார் மயிலாப்பூர்க்காரர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

"நம்பர் ஒன். கீப்பர் கேட்ச் பிடிக்க முயற்சியே பண்றதில்லை. நம்பர் டூ. கீப்பரோட கழுத்துப் பட்டை பேட்டிங் டீம் கலர்ல இருக்கு. என்னம்மா இது, நாய் பாட்டுக்கு வாலை ஆட்டிண்டு நிக்கறதாமே?"

நானும் இஸ்மாயிலும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதில் தப்பு என்ன என்று இரண்டு பேருக்கும் புரியவில்லை.

"மணி பேட்டிங் சைடு சார்," என்றான் இஸ்மாயில். "நம்மாள எப்டி சார் நாமளே கேட்ச் புடிக்கிறது?"

எங்கள் தெருவில் அப்படித்தான் ஆடினோம், இஸ்மாயில் தெருவிலும் அப்படித்தான். ஆள் பற்றாது. ஃபீல்டிங் பக்கம் ஒருவனைக் கீப்பராக நிறுத்தினால் ரன்னைத் தடுக்க ஆள் இருக்காது. ஆகவே பேட்டிங் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவன் பின்னால் நின்று பந்தை எடுத்துப் போட வேண்டும். அவன் பிடித்தால் கேட்ச் செல்லாது. இஸ்மாயில் யோசிக்காமல் அப்படியே ப்ரோகிராம் எழுதினான், நானும் யோசிக்காமல் அப்படியே பட்டைக்கு நிறம் கொடுத்தேன்.

"மூணு மாசமா நீங்களும்தானே சார் ஆடறீங்க? உங்களுக்கு ஒரு நாளாவது தப்பாத் தெரிஞ்சுதா?" என்று கேட்டேன்.

சார் கண்ணாடியைக் கீழே இறக்கினார், திரும்ப ஏற்றினார். அவரும் மாட வீதியில் ஆடியவர்தானே!

2. எருமைக்கு வால் பாக்கி

சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் சார் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். மணியை எடுத்துவிட்டு, கையுறை போட்டு ஒழுங்காகக் குனிந்து கேட்ச் பிடிக்கும் வாத்து ஒன்றை வரைய வேண்டும். இருபத்திரண்டு படமும் போச்சு.

"மாட்டேன் சார்," என்றேன்.

"மாட்டேன்னா?"

"மத்த பன்னெண்டையும் திருத்தித் தரேன். அதெல்லாம் நிஜமாவே தப்பு. மணி தப்பு இல்ல. இந்த கேம்ல எல்லாரும் ஆடறாங்க, மணி ஒருத்தன்தான் சிரிக்க வெக்கிறான். அவனை எடுத்துட்டா மிச்சம் என்ன சார் இருக்கு?"

"புதன்கிழமை தேசாய் நேர்ல வரார். அவர் வேண்டாம்னுட்டா கடையை மூட வேண்டியதுதான். நம்ம மூணு பேர் பொழைப்பும்மா!"

அவர் சொன்னது நியாயம் என்று எனக்கும் தெரியும். அப்போது எங்கள் வீட்டில் சம்பளம் என்று வந்தது என்னுடையது ஒன்றுதான். பயமாகத்தான் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்? ஆனால் நம் ஊரில் ஆயிரம் தெருவில் ஆடும் ஆட்டத்தைத் தப்பு என்று ஒரு ஃபேக்ஸ் சொன்னதும் நாம் தலையாட்ட வேண்டுமா என்று ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"வேற யாரையாவது வெச்சு அழிச்சுக்கோங்க. என் கையால அழிக்க மாட்டேன்."

"அப்போ திங்கட்கிழமைலேர்ந்து நீ வரவேண்டாம்."

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வழக்கம்போல் செருப்பை வெளியே விட்டுவிட்டு என் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். சார் வந்தார், பார்த்தார், அப்படியே நின்றுவிட்டார்.

"உன்னை வரவேண்டாம்னேனே?"

"சொன்னீங்க சார். எருமைக்கு இன்னும் வால் பாக்கி."

அவர் இஸ்மாயிலிடம் திரும்பி வாத்தை அவனே வரையட்டும் என்றார். அவன் கையெடுத்துக் கும்பிட்டான். "நான் வரைஞ்சா கீரிப்பிள்ளை மாதிரி வரும் சார். அப்பால அதுக்கு ஒரு ஃபேக்ஸ் வரும்." சார் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் வாலை முடித்தேன்.

3. ரப்பர் செருப்பில் ஒரு கீப்பர்

புதன்கிழமை தேசாய் வந்தார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. சின்ன வயதிலிருந்தே கிளப்பில், புல் தரையில், கோச் வைத்து ஆடியவர். ஷூவைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு உட்கார்ந்து ஆடினார். எட்ஜ் வாங்கிய பந்து மணியிடம் போனது. மணி தலையைச் சாய்த்து விட்டுவிட்டது.

"டிஃபெக்ட் நம்பர் ஒன்!" என்று திரையைக் குத்திக் காட்டினார்.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். இஸ்மாயில் இந்தியில் விளக்கினான். கிரிக்கெட்டில் அப்படி ஒரு விதியே கிடையாது என்று தேசாய் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். சார் என்னைப் பார்த்த பார்வையில் வாத்து தெரிந்தது.

அந்த நேரம் ஜன்னல் கம்பியில் டொப் என்று ஒரு டென்னிஸ் பந்து வந்து விழுந்தது. கடைக்குப் பின்னால் இருந்த காலி மனையில், சாப்பாட்டு வேளையில் கடை சேல்ஸ்மேன்களும் ஆட்டோ ஸ்டாண்ட்காரர்களும் தினமும் அரை மணி நேரம் ஆடுவார்கள். புடவை வந்த அட்டைப்பெட்டிதான் ஸ்டம்ப். தேசாய் எழுந்து ஜன்னலுக்குப் போனார். ஆடுகிறவனுக்குப் பந்துச் சத்தம் கேட்டால் கால் சும்மா இருக்குமா?

"வாங்க சார், போலாம்," என்றேன். சார் தடுப்பதற்குள் படியிறங்கிவிட்டேன். தேசாய் ஷூ கயிற்றோடு மல்லாட மனமில்லாமல் யாருடையதோ ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் வந்தார்.

பேட்டிங் பிடித்துக்கொண்டிருந்தது ஆட்டோ ஓட்டும் நாகராஜ். "சார் ஆட்றாரா? நம்ம சைடுல ஒரு ஆள் கொறையுது, வா சார். அடுத்த பேட்டிங் உனுது. அதுவரைக்கும் கீப்பிங் நில்லு."

இஸ்மாயில் ஒரு வார்த்தை விடாமல் இந்தியில் சொன்னான். தேசாய் தலையாட்டிவிட்டு அட்டைப்பெட்டிக்குப் பின்னால் குனிந்து நின்றார்.

மூன்றாவது பந்து. நாகராஜ் கண்ணை மூடிக்கொண்டு வீசினார். மெல்லிய எட்ஜ். தேசாய் பக்கவாட்டில் பாய்ந்தார். ஒரு செருப்பு ஒரு பக்கம் பறந்தது. வெள்ளைச் சட்டையோடு மண்ணில் விழுந்து, ஒற்றைக் கையால் பிடித்தார். அப்படி ஒரு கேட்சை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. எழுந்து இரண்டு கையையும் தூக்கி "ஹவ்ஸாட்!" என்று கத்தினார்.

பௌலிங் போட்ட சேல்ஸ்மேன் தலையைச் சொறிந்தார்.

நாகராஜ் பேட்டைத் தரையில் ஊன்றிக்கொண்டு திரும்பினார். "இன்னா சார், நம்மாளையே அவுட்டுன்றே? நீ நம்ம சைடு சார்! புடிச்சதே தப்பு, இதுல கத்தல் வேற!"

"விடுண்ணே, புதுசு, தெரியல," என்றார் சேல்ஸ்மேன்.

இஸ்மாயில் இதையும் ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தான். தேசாய் கையிலிருந்த பந்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"மணிக்குத் தெரியும் சார்," என்றேன் ஆங்கிலத்தில்.

கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்றார். அப்புறம் அந்த மனிதர் சிரித்தார் பாருங்கள், ஆட்டோ ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. தன் பேட்டிங்கையும் ஆடிவிட்டுத்தான் மேலே வந்தார். தப்புப் பட்டியலில் முதல் இரண்டு வரியையும் அடித்தார். ஒன்றே ஒன்று கூடுதலாகக் கேட்டார்: எப்போதாவது மணி மறந்துபோய்க் கேட்ச் பிடித்துவிட வேண்டும், எல்லாரும் முறைக்க, பந்தை மெதுவாகக் கீழே வைக்க வேண்டும். அன்றைக்கே போட்டுக் கொடுத்தேன். அது இருபத்திமூன்றாவது படம்.

4. கடைசித் திருத்தம்

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். உங்களுக்கும் தப்புப் பட்டியல் வரும், வராமல் இருக்காது. எல்லாவற்றையும் எதிர்க்காதீர்கள், என் பதினான்கில் பன்னிரண்டு நிஜமான தப்பு, வாயை மூடிக்கொண்டு திருத்தினேன். ஆனால் உங்கள் வேலையின் உயிர் எது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதில் கை வைத்தால் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.

நாலு வருடம் கழித்து அடையாறில் வேறு வேலைக்கு விண்ணப்பித்தேன். ராகவன் சார் அனுபவச் சான்றிதழ் டைப் செய்து கொடுத்தார். எல்லாருக்கும் எழுதும் அதே மூன்று வார்த்தை: சின்சியர், ஹார்ட்வொர்க்கிங், ஒபீடியன்ட்.

"சார், இதுல ஒரு டிஃபெக்ட் இருக்கு," என்றேன்.

வாங்கிப் படித்தார். பேனாவை எடுத்துக் கடைசி வார்த்தையை அடித்து, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டார். "திரும்ப டைப் அடிக்கச் சொல்லாதே. இப்படியே எடுத்துண்டு போ."

அப்படியே எடுத்துக்கொண்டு போனேன். இன்டர்வியூவில் ஒரு அம்மாள் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இங்க என்ன அடிச்சிருக்கு?" என்று கேட்டார்.

"ஒபீடியன்ட், மேடம்," என்றேன். "அது தப்பு. திருத்திட்டோம்."