டெக்கு போட்ட ஞாயிற்றுக்கிழமை

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் வீட்டுக்காரரும் நானும் சாயங்காலம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை. முன்வாசலில் உட்கார்ந்தால் தெருவே பார்க்கும். எங்கள் ஊர் பரளச்சியில் பொண்டாட்டி பக்கத்தில் உட்காருகிற ஆம்பளையைப் பற்றி டீக்கடையில் ஒரு வாரம் பேச்சு ஓடும். கொல்லைப்பக்கம் உட்காரலாமென்றால், கரிசல் மண் என்று வீட்டை இடுப்பு உயரத்துக்குத் தூக்கிக் கட்டியாயிற்று. பின்கதவைத் திறந்தால் நேரே பள்ளம். எனக்கு இதில் ரொம்ப நாள் ஆத்திரம்.

போன கோடையில், வெளிநாட்டில் இருக்கும் மகள் போனில் மூன்று படம் அனுப்பினாள். அங்கே வீட்டுக்குப் பின்னால் கால் நட்டு, உயரமாக மேடை போட்டு, காற்று வாங்குகிறார்களாம். பெயர் டெக். அவர்கள் மரத்தில் செய்கிறார்கள். இங்கே மரத்தை வைத்தால் கரையானுக்குக் கல்யாணச் சாப்பாடு. அதனால் இரும்புக் கால், மேலே கல். கறுப்புக் கடப்பாக்கல் வேண்டாம், நம் வெயிலுக்கு அதில் அப்பளம் சுடலாம் என்று வெளிர் நிறத்தில் சொரசொரப்பான கல்லாகப் பார்த்தேன்.

நான் கேட்டது இரண்டு நாற்காலிக்கு இடம். அவரோ, செய்வதைப் பெரிதாகச் செய்வோமே என்று நெல் காயப்போடுகிற அகலத்துக்கு இழுத்துவிட்டார். கரிசல் வெடிக்கும் என்று காலுக்கு ஆள் ஆழத்துக்குக் குழி வேறு. இவ்வளவும் செய்தவர்கள் இறங்குகிற படியை மட்டும் ஒடுக்கமாக வைத்துவிட்டார்கள். ஒரு ஆள் சம்மணம் போட முடியாது. மேஸ்திரியோடு சண்டையே போட்டேன். படி ஏறத்தானே, படுக்கவா என்று கேட்டுவிட்டு மேஸ்திரி போய்விட்டார்.

கல் லோடு இறங்கியபோது எதிர்வீட்டு அக்கா வந்து என்ன வேலை என்று கேட்டார்.

"டெக்கு போடுறோம்க்கா. ஞாயித்துக்கெழமை முடிஞ்சிரும்."

"டெக்கா! எத்தன படம்?"

"மூணு. மக அனுப்புனா."

அக்கா சந்தோஷமாகப் போனார். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

ஞாயிறு சாயங்காலம் கல்லைக் கழுவித் துடைத்து, இரண்டு நாற்காலி போட்டு, டீ போட்டு எடுத்து வந்தேன். அவரும் வந்தார். உட்காரப் போகிறோம், கொல்லைப்பக்கம் தெருவே திரண்டு வருகிறது. பாய், சொம்பில் தண்ணீர், அவித்த கடலை. படியேறிப் பாயை விரித்து, வடக்கே பார்ப்பதா தெற்கே பார்ப்பதா என்று கேட்கிறார்கள். முன்பெல்லாம் வாடகைக்கு எடுத்து வந்து விடிய விடியப் படம் போடுவார்களே, அந்த வீடியோப் பெட்டிக்கும் டெக் என்றுதானே பெயர்! அது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். நீங்கள் உட்கார்ந்திருப்பதுதான் டெக் என்று விளக்கினார். அதெல்லாம் சரி, படம் எப்போது என்றார் அக்கா.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பாயோடு வந்தவர்களைப் போகச் சொல்ல முடியுமா? அவரே டிவியைத் தூக்கி வந்து பின்கதவில் வைத்து, ஏதோ ஒரு பழைய படத்தை ஓடவிட்டார். நாற்காலி இரண்டையும் பெரியவர்கள் பிடித்துக்கொண்டார்கள். இத்தனை பேர் ஏறியும் மேடை அசையவில்லை, அதை மெச்சக்கூட மனசில்லை. ஆறிப்போன டீயோடு இறங்கிக் கடைசிப் படியில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவரும் இறங்கி வந்தார். மேலே பார்த்தார். எல்லா முதுகும் எங்களைப் பார்த்து இருந்தது, எல்லா முகமும் டிவியைப் பார்த்து. சட்டென்று என் பக்கத்தில் உட்கார்ந்தார். தோளோடு தோள் இடித்தது.

"செத்த தள்ளு," என்றார்.

"தள்ள எடமில்ல."

என் அந்தப் பக்கம் அரைச் சாண் இருந்தது. நான் நகரவில்லை.