என் குரலில் பேசிய டீச்சர்

ஆசிரியர்கள் ஏன் புதிய கருவிகளைக் கண்டு தயங்குகிறார்கள் என்று ஐந்து வருடம் ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கினேன். அந்த ஐந்து வருடத்தில் எந்த வகுப்பறையிலும் ஒரு பீரியட் முழுதாக நின்று பாடம் எடுத்ததில்லை. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க இது போதும் என்று ஒரு கல்வி அறக்கட்டளை என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டது.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களே ஆகியிருந்தன. அரசுப் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. வடசென்னையில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை என் பங்கு. காரணம், நான் ராயபுரத்தில் வளர்ந்தவள். அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து மளிகை மொத்தக் கடை வைத்தவர். கடைக்கு வருகிறவர்கள் "இன்னா நைனா" என்று கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே பேசுவார். வீட்டுக்குள் நான் ஒரு தடவை "இன்னா" என்றதற்கு, "ஏட்டி, போய் வாயக் கழுவிட்டு வா" என்றார். நிஜமாகவே கழுவவும் வைத்தார். அதிலிருந்து எனக்குத் தெருவுக்கு ஒரு பேச்சு, வீட்டுக்கு ஒரு பேச்சு. கல்லூரிக்குப் போன பிறகு தெருப் பேச்சை அடியோடு விட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி இருந்தது. பிள்ளைகளின் அப்பாக்களில் பாதிப் பேர் அந்த மார்க்கெட்டில் இரும்பு ஏற்றி இறக்குகிறவர்கள். பள்ளியிலேயே ஏ.சி. போட்ட அறை கம்ப்யூட்டர் அறை மட்டும்தான். உப்புக் காற்றும் இரும்புத் தூசியும் புகாமல் இருக்க ஜன்னல்களை அட்டை வைத்து ஒட்டியிருந்தார்கள். வாரம் ஒரு முறை பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு, கைகட்டி உள்ளே போய், உறை போட்ட கம்ப்யூட்டர்களைப் பார்த்துவிட்டு வெளியே வருவார்கள். சாவி தலைமையாசிரியரின் இடுப்பில் இருந்தது. இதற்கு "கணினி வழிக் கற்றல்" என்று நாங்கள் அறிக்கையில் எழுதினோம்.

அங்கே ஐந்தாம் வகுப்பு எடுத்தவர் ஐம்பதை நெருங்கிய ஒரு டீச்சர். காசிமேட்டுக்காரர். மீன் ஏலத்தில் குரல் கொடுத்த குடும்பம் என்று அவரே சொன்னார், சொல்லாவிட்டாலும் தெரிந்திருக்கும். அவர் வருகைப் பதிவு எடுத்தால் ரோட்டில் போகும் லாரி கிளீனரும் "உள்ளேன் அம்மா" சொல்லிவிடுவான்.

முதல் நாள் அவர் வகுப்பின் பின்பெஞ்சில் உட்கார்ந்தேன். கையில் நானே தயாரித்த படிவம். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை, ஆசிரியர் என்ன செய்கிறார் என்று ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும்.

அன்றைக்குப் பாடம் எடை. உடல்நலச் சோதனைக்குப் பள்ளியில் ஒரு எடை மெஷின் கொடுத்திருந்தார்கள், ஏறி நிற்கிற முள் மெஷின். டீச்சர் அதை வகுப்பின் நடுவில் வைத்தார்.

"இது இன்னா?"

"மெஷினு டீச்சர்!"

"இல்ல. இது மார்க்கெட்ல லாரிய நிறுத்தி எட போட்ற வெயிட் பிரிட்ஜு. லாரி எங்க?"

ஒரு ஒல்லிப் பெண் எழுந்து வந்து ஏறி நின்றாள். முள் இருபத்தேழைக் காட்டியது. "காலி லாரி இருவத்தேயு. எய்திக்கோங்க. இப்ப சரக்கு ஏத்தலாம்." இன்னொரு சின்னப் பெண்ணை அவள் முதுகில் ஏற்றினார். லாரி தள்ளாடியது. வகுப்பே எழுந்து நின்று "ரைட்டு, ரைட்டு, வுடு" என்று கத்தியது. ஐம்பத்தொன்று.

"அப்ப சரக்கு எவ்ளோ?"

முதுகில் இருந்த சரக்கே முதலில் சொன்னது: "இருவத்தி நாலு டீச்சர்!"

"உன் பேச்ச எப்பிடி நம்புறது? எறங்கி நில்லு." சரக்கு தனியாக ஏறியது. முள் இருபத்தி நாலரையில் நின்றது.

"அர கிலோ எப்பிட்றா வந்துச்சு?" என்றார் டீச்சர். அப்புறம் நடந்ததுதான் பாடம். முள் ஆடியது என்றான் ஒருவன். லாரி நேராக நிற்கவில்லை என்றாள் ஒருத்தி. எங்கப்பா வேலை பார்க்கிற மார்க்கெட்டில் மூன்று தடவை எடை போடுவார்கள், மூன்றும் வேறு வேறாகத்தான் வரும் என்றது இன்னொன்று. அளவையில் பிழை என்பது என்ன, அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதைப் பத்து வயதுப் பிள்ளைகள் முக்கால் மணி நேரம் சண்டை போட்டுக் கண்டுபிடித்தார்கள். நான் அதைப் பட்டமேற்படிப்பில் இரண்டாம் பருவத்தில் படித்து, தேர்வு முடிந்ததும் மறந்திருந்தேன்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. இருந்த கட்டங்களில் "வகுப்பறை ஒழுங்கு: குறைவு", "ஆசிரியர் மொழி: திருத்தம் தேவை", "கணினி: பயன்படுத்தவில்லை" ஆகியவற்றில் டிக் போட்டேன். படிவத்தை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, நேராக அறக்கட்டளைத் தலைவரின் அறைக்குப் போய், "சார், பிரமாதமான ஒரு டீச்சரைப் பார்த்தேன். எல்லாப் பள்ளிக்கும் அனுப்பப் போற மாதிரி வகுப்பு சி.டி.க்கு இவங்களைத்தான் எடுக்கணும்" என்றேன். இரண்டையும் ஒரே மத்தியானத்தில் செய்தேன். அப்போது எனக்கு ஒன்றும் முரணாகத் தெரியவில்லை.

சி.டி. எடுக்க வந்தவர் கல்யாண வீடியோவில் பேர் வாங்கியவர். வகுப்பறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "டெக்னாலஜி எங்க மேடம்?" என்றார். எடை மெஷினைக் காட்டினேன். "இது ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்றார். அந்த மெஷின் மூலைக்குப் போனது. அதன் இடத்துக்குக் கம்ப்யூட்டர் அறையிலிருந்து ஒரு கம்ப்யூட்டர், உறை கழற்றி, முதல்முறையாக வெளிச்சத்துக்கு வந்தது. திரையில் ஒரு தராசு. ஒரு தட்டில் ஆப்பிள், இன்னொரு தட்டில் படிக்கல். பிள்ளைகளுக்கு அறக்கட்டளை கொண்டுவந்த புதுச் சீருடை மாட்டினோம். சாயங்காலம் அதைக் கழற்றி மடித்து வாங்கிக்கொண்டோம், அடுத்த பள்ளியில் படப்பிடிப்பு இருந்தது. ஒரு பெண் சட்டையைக் கொடுக்கும் முன் பாக்கெட்டிலிருந்து மிட்டாய்த் தாளை எடுத்துக்கொண்டாள்.

டீச்சரின் வசனத்தை நான்தான் எழுதியிருந்தேன். "அன்பு மாணவர்களே, இன்று நாம் எடையைப் பற்றி அறிந்துகொள்வோமா?"

டீச்சர் அதைப் படித்துப் பார்த்தார். "இத்த யாரு பேசுவாங்க?"

"நீங்கதான் டீச்சர். எல்லா மாவட்டத்துக்கும் போகும். பொதுத் தமிழா இருக்கணும்."

"நான் இப்பிடி பேசினா, யாரு பேசுறதுன்னு என் புள்ளைங்க வேற ஆள தேடுமே" என்றார். ஆனாலும் முயன்றார். மேலதிகாரிகள் சொன்னதைச் செய்து பழகிய தலைமுறை. பதினோரு டேக். ஒவ்வொன்றிலும் அந்தக் குரல் சுருங்கிக்கொண்டே போனது. ரோடே திரும்பிப் பார்க்கும் குரல், மைக்குக்கே கேட்காமல் போயிற்று. நடுவில் வாசலில் ஒரு கன்டெய்னர் லாரி நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் வெளியே போய்ப் பேசி அனுப்பிவிட்டு வந்தேன். பன்னிரண்டாவது டேக்கில் வீடியோக்காரர் கையை உதறினார். "வாய் மட்டும் அசைக்கச் சொல்லுங்க மேடம். டப்பிங்ல பாத்துக்கலாம்."

கோடம்பாக்கத்தில் ஒரு சின்ன ஸ்டூடியோ. டப்பிங்குக்கு ஆள் வைக்க வேண்டாம், மேடம் குரலே நல்லாயிருக்கு என்றார்கள். எனக்குக் கூச்சமாகவும் பெருமையாகவும் இருந்தது. ஹெட்போன் மாட்டி நின்றேன். திரையில் டீச்சரின் வாய் திறந்தது, நான் பேசினேன். "மிக நன்று, மாணவர்களே." அந்த முகத்தில் அந்தச் சொல் ஒட்டவே இல்லை. சவுண்ட் எஞ்சினியர் கட்டைவிரலை உயர்த்தினார்.

சி.டி. எல்லாப் பள்ளிக்கும் போனது. கூடவே "மாதிரி ஆசிரியரின் ஏழு படிகள்" என்று நான் எழுதிய கையேடும். ஐந்தாறு மாதம் கழித்து, ராயபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று நாள் பயிற்சி முகாம். கண்காணிப்புப் படிவத்தில் குறைவான மதிப்பெண் வாங்கிய ஆசிரியர்கள் மட்டும் கட்டாயம் வர வேண்டும். பட்டியலை ஒரு கம்ப்யூட்டர்தான் எடுத்துக் கொடுத்தது. நான் படித்துப் பார்க்கவில்லை.

காலையில் மேடை ஏறி நின்றேன். மூன்றாவது வரிசையில் சாத்தாங்காட்டு டீச்சர் உட்கார்ந்திருந்தார். மடியில் கையேடு, கையில் மண்டப வாசலில் கொடுத்த ரோஜாப்பூ. என்னைப் பார்த்துச் சிரித்தார். கௌரவ விருந்தினராக யாரோ அழைத்திருக்கிறார்கள் என்று நானும் சிரித்தேன்.

விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டோம். தலைவரும் முதல் வரிசையில் இருந்தார். திரையில் டீச்சர் வாயைத் திறந்தார். என் குரல் வந்தது. மண்டபத்தில் ஒரு சலசலப்பு. பக்கத்தில் இருந்தவர்கள் திரையையும் மூன்றாவது வரிசையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். படம் முடிந்ததும் நான் சொன்னேன்: "இந்த ஆசிரியர் எவ்வளவு நிதானமாக, எவ்வளவு தெளிவாக நடத்துகிறார் பார்த்தீர்களா? உங்களுக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம் என்று யோசியுங்கள்."

டீச்சர் எழுந்தார்.

"மேடம், ஒரு டவுட்டு. எனக்கு மார்க்கு கம்மின்னு இங்க அனுப்ச்சாங்க. அந்த டீச்சர் மாதிரி நடத்தணும்னு நீங்க சொல்றீங்க. அந்த டீச்சரு நான்தான். இப்ப நான் இன்னா பண்ணணும்?"

மண்டபம் அதிர்ந்தது. சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆயிற்று. அதற்குள் நான் ஏதாவது நேர்மையாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் பயிற்சி பெற்றவள் அல்லவா. "நல்ல கேள்வி," என்றேன். "இதைக் குழு விவாதத்துக்கு எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சார்ட் பேப்பர், இரண்டு ஸ்கெட்ச் பேனா."

யாரும் பேப்பரை வாங்க வரவில்லை. பின்னாலிருந்து ஓர் ஆசிரியர், "அந்தம்மா நெஜமா எப்படி எடுத்தாங்கன்னு கேக்கலாம் மேடம்" என்றார்.

டீச்சர் மேடை ஏறவில்லை. நின்ற இடத்திலிருந்தே, "சவுண்ட கொறச்சிட்டு மறுபடியும் போடுங்க" என்றார். ப்ரொஜெக்டர் ஓட்டியவன் என்னைக் கேட்கவில்லை, போட்டுவிட்டான். திரையில் இருந்த தன் வாய்க்குத் தானே குரல் கொடுத்தார் டீச்சர். ஆப்பிளை லாரி ஆக்கினார். படிக்கல்லைச் சரக்கு ஆக்கினார். "இன்னாங்கடா, தராசு இப்பிடி சாயுது? ஆப்பிளு நாஷ்டா துன்னாம வந்துச்சா?" திரையில் இருந்த பிள்ளைகள் புதுச் சட்டையில் விறைத்து உட்கார்ந்திருக்க, மண்டபத்தில் இருந்த ஆசிரியர்கள் பதில் சொன்னார்கள். சிலர் குறிப்பும் எடுத்தார்கள். முகாமின் மூன்று நாளில் யாராவது எதையாவது தானாக எழுதிக்கொண்டது அந்தப் பத்து நிமிடம்தான்.

தலைவர் எழுந்து கைதட்டினார். எனக்கு வேலை போயிற்று என்று நினைத்தேன். அவர் என் காதருகே குனிந்து, "இதை எட்டாவது படியாச் சேர்த்துடுங்க. 'வட்டாரத் தன்மை'ன்னு தலைப்பு போடுங்க" என்றார்.

டீ இடைவேளையில் டீச்சரிடம் போனேன். மன்னிப்பைப் பொதுத் தமிழில் தயார் செய்து வைத்திருந்தேன்.

"டீச்சர், அந்தப் படிவத்துல..."

"அத்த வுடு," என்றார். அதுவரை மேடம் என்றவர், அன்றைக்கு நீ என்றார். "ஒண்ணு கேக்கறேன். ஷூட்டிங் அன்னிக்கு லாரிக்காரன வெரட்டினியே, இன்னா சொன்னேன்னு ஞாபகம் கீதா?"

"நகரச் சொன்னேன்."

"'யோவ், அறிவு கீதா உனக்கு? உள்ள புள்ளைங்க படிச்சினு கீது, நீ பாட்டுக்கு ஆரன் அட்ச்சினு கீற'ன்னு கத்தின. நான் ஜன்னலாண்ட நின்னுகினு இருந்தேன். இவ்ளோ சோக்கா பேச வருது. என் வாய்ல மட்டும் ஏன் அந்தக் கலீஜான தமிய வெச்ச?"

டீயில் படிந்திருந்த ஆடையை விரலால் ஒதுக்கினேன். "தெரியல டீச்சர்" என்றேன். பொய். நன்றாகத் தெரியும். வாயைக் கழுவிக்கொண்டு வந்தவளுக்கு, கழுவாத வாயைப் பார்த்தால் கை பரபரக்கிறது.

"பேஜாரு பண்ணிக்காத. பிஸ்கட்டு எட்த்துக்கோ" என்று சொல்லிவிட்டு அவர் மற்ற ஆசிரியர்களிடம் போனார்.

அந்த வருடமே நான் "வட்டார மொழியும் வகுப்பறைத் தொழில்நுட்பமும்" என்று ஒரு கட்டுரை எழுதினேன். டில்லியில் படித்தேன். கைதட்டினார்கள். அதில் டீச்சர் "ஆசிரியர் அ" என்று வருகிறார். ஆராய்ச்சி நெறிப்படி பெயர் போடக் கூடாது. என் பெயர் போட அந்த நெறியில் தடை எதுவும் இல்லை. எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. டீச்சருக்குப் பயிற்சி முடித்த சான்றிதழ் கிடைத்தது. அதில் என் கையெழுத்து இருந்தது.

கம்ப்யூட்டர்கள் இரண்டு மழைக்காலம் தாங்கின. பிறகு எங்கள் திட்டம் முடிந்து, வேறொரு திட்டம் வந்தது. அவர்கள் வேறு படிவத்துடன் அதே பின்பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். டீச்சரை அவர்கள் என்னவென்று எழுதினார்களோ, தெரியாது. அவரிடம் படித்த ஒரு பெண் இப்போது மார்க்கெட்டில் எடைச்சீட்டு போடுகிறாள் என்று தலைமையாசிரியர் போனில் சொன்னார். அன்றைக்கு அவள் லாரியா, சரக்கா என்று கேட்கத் தோன்றி, கேட்காமல் விட்டேன்.

நான் மேலே மேலே போய், பயிற்சி கொடுப்பவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவளானேன். வகுப்பறைக்குப் போக வேண்டிய அவசியம் அதோடு முடிந்தது. டீச்சர் ஓய்வு பெற்றபோது பள்ளியில் விழா வைத்தார்கள். அழைப்பிதழ் அனுப்பியிருந்தார், உறையில் அவர் கையெழுத்திலேயே என் முகவரி. நான் போகவில்லை. அன்றைக்கு ஒரு ஹோட்டலில் கருத்தரங்கு இருந்தது. ஆசிரியர்களின் குரலுக்குச் செவிமடுப்பது எப்படி என்று நான்தான் பேச வேண்டியிருந்தது.