அந்த ஒரு ‘டி’

திமிர் இல்லை. இன்னொரு தடவையும் சொல்கிறேன், உம்மல் குல்சுமுக்குத் திமிர் என்பது கிடையாது. டீக்கடை சுப்பையன் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்கிறான்: “அந்த ஆபீசரு போங்கன்னுதான் சொன்னாருங்க, இந்தம்மாவுக்குத்தான் போடின்னு கேட்டுப்போச்சு.” சுப்பையன் அன்றைக்கு அங்கே இருந்தானா? கடையில் போண்டா போட்டுக்கொண்டிருந்தான். நான் இருந்தேன். அவள் தோளை ஒட்டி என் தோள் இருந்தது. எனக்கு எழுத்து தெரியாது, காது தெரியும். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் இதில் எதை வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளட்டும், அந்த ‘டி’யை மட்டும் தொட வேண்டாம்.

எங்கள் தெரு சிங்காநல்லூர்க் குளக்கரைக்குக் கீழே இருக்கிறது. இருபத்தாறு வீடு, ஒரு வீட்டுக்கும் பட்டா கிடையாது. பதினாலாவது வீடு என்னுடையது, பதினைந்தாவது குல்சுமுடையது. தண்ணீர் மோட்டாருக்குச் செப்புக்கம்பி சுற்றுவதுதான் அவள் தொழில். பட்டறைக்காரர்கள் கம்பியை உருளையாகக் கொண்டுவந்து போடுவார்கள். இவள் மர அச்சில் மாட்டி, கைப்பிடியைச் சுழற்றி, எண்ணிச் சுற்றி, வெள்ளை நாடாவால் கட்டிக் கொடுப்பாள். எண்ணிக்கை காட்டுகிற பொட்டி கெட்டுப்போய் நாலு வருசம் ஆகிறது. வாயால்தான் எண்ணுகிறாள். நடுவில் யாராவது போனால், “நாப்பத்தேளு, நாப்பத்தெட்டு, வாங்கக்கா, நாப்பத்தொம்போது, உக்காருங்க, அம்பது” என்பாள். பேச்சும் நிற்காது, எண்ணும் தவறாது. “ஒரு சுத்துக் கொறைஞ்சாலும் மோட்டாரு பொகைஞ்சுபோகுமுங்க” என்று சொல்லிக்கொண்டே இருப்பாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவள் யாரையும் ‘ங்க’ போடாமல் பேசிக் கேட்டதில்லை. கொங்குநாட்டில் நாங்கள் திட்டுவதானாலும் ‘ங்க’ போட்டுத்தான் திட்டுவோம், அது எல்லாருக்கும் தெரியும். இவள் அதையும் தாண்டியவள். என் ஆடு அவள் வாசலில் நுழைந்து நாடாவை மென்றால், “ஏனுங்க, அக்கட்டால போங்க” என்று ஆட்டிடம் சொல்வாள். பெற்ற மகளைப் போத்தனூரில் கட்டிக்கொடுக்கிற நாள்வரைக்கும் ‘வாடி’ என்று கூப்பிட்டதில்லை, ‘அம்மணி’தான். “ஏன் குல்சு, ஆட்டுக்கெல்லாம் மரியாதையா?” என்று ஒருநாள் கேட்டேன். “அதுக்குத் தெரியாதுங்கக்கா. என்ற வாய்க்குத் தெரியுமில்லீங்க” என்றாள்.

தொண்ணூற்றாறாம் வருசம் ஐப்பசி மழையில் சாக்கடை எங்கள் வீடுகளுக்குள் வந்துவிட்டது. அடுப்புக்குள் புழு நெளிந்தது. மனுக் கொடுக்கலாம் என்று தெருவே பேசியது. கிளம்புகிற அன்றைக்கு வந்தது நானும் அவளும்தான். எந்த ஆபீசு என்று நான் சொல்லப்போவதில்லை. மேசைக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தார், மனுவை வாங்கினார், நோட்டை எங்கள் பக்கம் திருப்பி மைப்பெட்டியைத் தள்ளினார். நான் கட்டைவிரலை வைத்துவிட்டேன். எனக்கு அதுதான் கையெழுத்து.

குல்சும் வைக்கவில்லை. அவள் ஓதுவாள், அரபு எழுத்து வாசிப்பாள், தமிழ் எழுத்து மட்டும் தெரியாது. அறிவொளி வகுப்புக்காரர்கள் வந்தபோது தன் பெயரைச் சுருக்கி எழுதக் கற்றுக்கொண்டாள். உ, கு, ல், சு, ம். அந்த ஐந்து எழுத்தையும் ஒரு மழைக்காலம் முழுக்க ஈரவிரலால் தரையில் எழுதி எழுதிப் பார்த்தவள். “பேனா குடுங்க, நான் கையெழுத்தே போடுவனுங்க” என்று கேட்டாள்.

அந்த மனிதர் தலையைக்கூடத் தூக்கவில்லை. “ஆமா, பெரிய கலெக்டரு. மைய வெச்சுட்டுப் போடி.”

குல்சும் துப்பட்டியின் முனையைச் சுட்டுவிரலில் சுற்ற ஆரம்பித்தாள். உதடு அசைந்தது. பயம் வந்தால் எண்ணுவாள், அது எனக்குத் தெரியும். ஏழுவரைக்கும் என் காதில் விழுந்தது. எங்களுக்குப் பின்னால் வரிசை நின்றது. அவள் கட்டைவிரலை மையில் வைத்து, நோட்டில் வைத்து, வெளியே வந்தாள்.

பஸ்ஸில் சிங்காநல்லூர் வரைக்கும் அந்த விரலைத் துப்பட்டியிலேயே தேய்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போதுதான் வாயைத் திறந்தாள். “அக்கா, சாக்கடைய அப்புறம் பாத்துக்கலாமுங்க. அந்த ‘டி’ய அவரு திரும்ப வாங்கிக்கோணும்.”

நான் சிரித்துவிட்டேன். சொல்லைத் திருப்பி வாங்க அது என்ன பழைய துணியா? “அது ஒரு சுத்து கொறைச்சலுங்கக்கா” என்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது.

அடுத்த வாரமே மனு எழுதுகிற நஞ்சுண்டனிடம் போனாள். மேலிடத்துக்கு மனு. “என்னைப் போடி என்று பேசியவர் அந்தச் சொல்லைத் திரும்பப் பெற வேண்டும்.” அவ்வளவுதான் விசயம். நஞ்சுண்டன் வழக்கம்போலக் கடைசியில் ‘தங்கள் பொற்பாதம் பணிந்து’ என்று சேர்த்திருந்தார். வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “அத அடிச்சுப் போடுங்க” என்றாள். “பாதம் இல்லாம மனு நடக்காதுங்கம்மா” என்றார் அவர். “மெதுவாவே போகட்டுங்க.” அதன் கீழே ஐந்து எழுத்துப் போட்டாள். லைசன்சுக்கு எட்டுப் போட்டு வண்டி ஓட்டிக் காட்டுகிறவன்போல மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டாள்.

பயம் அதற்கப்புறம்தான் வந்தது. ஒரு புதன்கிழமை இரண்டு பேர் டேப் பிடித்து எங்கள் தெருவை அளந்தார்கள். ஒவ்வொரு கதவிலும் சிவப்புப் பெயிண்டில் நம்பர் போட்டார்கள். எதற்கு என்று கேட்டதற்கு, “மேல இருந்து சொன்னாங்க” என்றார்கள். தண்ணீர் ஊற்றித் தேய்த்தோம், மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தோம், நம்பர் போகவில்லை. குளத்து முனையில் மஞ்சள் மெசின் ஒன்று வந்து நின்றது. தூர் வார வந்ததா, எங்களை வார வந்ததா, கேட்பதற்கு ஒருவருக்கும் வாய் வரவில்லை. பிள்ளைகள் நம்பரைச் சொல்லி ஒன்றையொன்று கூப்பிட்டு விளையாடின. பெரியவர்கள் முதுகில் அறைந்து உள்ளே இழுத்துப்போனார்கள்.

சுப்பையன் அப்போதுதான் ஆரம்பித்தான். “அந்தம்மாவுக்கென்ன, உக்கடத்துல அவிக சனம் கெடக்குது, போயி ஒட்டிக்கும். நாம சட்டிபானையத் தூக்கிட்டு எங்கீங்க போறது? ஒரு ‘டி’க்கு இருபத்தாறு ஊடா?” தண்ணீர்க் குழாயில் குல்சுமின் குடத்தை வரிசைக்குக் கடைசியில் தள்ளி வைத்தார்கள். அவள் கடைசியிலேயே பிடித்துக்கொண்டு போனாள். பத்து வருசத்துக்கு முன்னால் அவள் வீட்டுக்காரர் மௌத்தாகிப் போனபோது இதே தெரு கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுத்தது.

பிறகு அந்த ஆபீசிலிருந்து பியூன் ஒருவர் வந்தார். பட்டப்பகல்தான். நான் அவள் வாசலில் உட்கார்ந்து நாடா வெட்டிக்கொண்டிருந்தேன். அவரைப்போல மரியாதையான மனிதரை நான் பார்த்ததில்லை. “ஏனுங்கம்மா, நல்லா இருக்கீங்களா? எதுக்குங்க இந்த வம்பெல்லாம்? சாரு தங்கமானவருங்க. இந்தத் தெருவுல யாருக்கும் பட்டாவே இல்லீங்களாம். கொழந்த குட்டியோட இருக்கறீங்க, நெனச்சா எனக்கே கஷ்டமா இருக்குதுங்க.” இப்படிப் பேசிக்கொண்டே பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். தவறாகக் கேட்டுவிட்டேன், மனுவை வாபஸ் வாங்குகிறேன் என்று அதில் எழுதியிருந்ததாம். சட்டைப்பையிலிருந்து சின்ன மைப்பெட்டியும் வந்தது.

குல்சும் சுற்றுவதை நிறுத்தவில்லை. “நூத்திப் பத்து, பேனா வெச்சிருக்கறீங்களா, நூத்திப் பதினொண்ணு.”

“கைநாட்டே போதுமுங்கம்மா.”

“நூத்திப் பன்னெண்டு. அப்ப எடுத்துட்டுப் போங்க. உங்க ‘ங்க’வுக்கு அந்த ‘டி’யே தேவலைங்க, நூத்திப் பதிமூணு.”

அவருக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. சிரித்தபடியே என் பக்கம் திரும்பினார். “அன்னைக்கு நீங்களும் கூட நின்னீங்களாமா? என்னங்க கேட்டுது உங்களுக்கு?”

பக்கத்தில் என் வீட்டுக் கதவு தெரிந்தது. பதினாலு, சிவப்பாக.

“எனக்குக் காது கொஞ்சம் மந்தமுங்க” என்றேன்.

கைப்பிடி நின்றது. அந்த மனிதர் கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார். குல்சும் அச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருசத்தில் அவளுக்கு எண்ணிக்கை விட்டுப்போய் நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கைப்பிடியைப் பின்பக்கமாகச் சுழற்றி, சுற்றிய கம்பி அத்தனையையும் பிரித்து உருளையில் ஏற்றினாள். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். நான் வெட்டிய நாடாவை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

விசாரணைக்கு வரச்சொல்லிக் கடுதாசி வந்தது. திங்கட்கிழமை காலை பத்தரை மணி, சாட்சி இருந்தால் கூட்டி வரலாம் என்று எழுதியிருப்பதாகத் தபால்காரர் வாசித்துச் சொன்னார். தெரு முழுக்கக் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பத்துப் பேர் அவள் வாசலில் நின்றார்கள். “போகாதீங்கம்மா, உங்க கால்ல விழறோம்” என்றான் சுப்பையன். அவனும் மூன்று பெண்பிள்ளைகளை வைத்திருக்கிறான், அதையும் நான் மறைக்கக் கூடாது. “கால்ல விழற பேச்சு யாருக்கும் வேண்டாமுங்க. எனக்கும் பயமாத்தானுங்க இருக்குது” என்றாள். உள்ளே போய் விளக்கைப் போட்டாள். நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன்.

திங்கட்கிழமை எட்டரை மணிக்கு அவள் கதவைத் திறக்கிற சத்தம் கேட்டது. வெள்ளைத் துப்பட்டி, துவைத்து மடிப்புக் கலையாதது. எதிர்வீட்டுச் சன்னல் சாத்திக்கொண்டது, அதற்கடுத்த சன்னலும் சாத்திக்கொண்டது. கதவைப் பூட்டினாள். வெளியே கிளம்பினால் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவது அவள் வழக்கம். அன்றைக்கும் என் வாசலுக்கு வந்து கையை நீட்டினாள்.

வலது கட்டைவிரலில் வெள்ளை நாடா சுற்றியிருந்தது. நகம் தெரியாமல், கம்பிச்சுருளைக் கட்டுகிற மாதிரியே இறுக்கி, முடிச்சை உள்ளே தள்ளிக் கட்டியிருந்தாள்.

“கையில காயமா குல்சு?”

“காயமெல்லாம் இல்லீங்கக்கா. இன்னைக்கு இவருக்கு லீவுங்க.”

நீங்களும் வாங்க என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முழங்கால் வலிக்கிறது என்று ஏதாவது சொல்லியிருப்பேன். நீட்டிய கையில் சாவி இருந்தது.

நான் சாவியை வாங்கவில்லை. என் கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டேன். செருப்பை மாட்டினேன்.

குல்சும் என்னை ஒரு நிமிசம் பார்த்தாள். சாவியைத் துப்பட்டி முனையில் முடிந்துகொண்டு தெருவில் இறங்கினாள். வேகமாக நடக்கிறவள் அவள். சுப்பையன் கடையைத் தாண்டும்போது பின்னால் என் செருப்புச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். திரும்பிப் பார்க்கவில்லை, என் முழங்காலுக்குத் தக்கபடி நடையைக் குறைத்துக்கொண்டாள்.